கேக்குறதுக்கு ஆள் இல்லைங்க

போன மாசம் காலேஜ் பஸ்ல ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "அக்கா, என்னை ஸ்பெஷல் செக்ஷன்ல போட்டிருக்காங்க. நல்லதாக்கா?"ன்னு கேட்டா. "சூப்பர், விட்டுடாதே"ன்னு சொன்னேன். அவளும் சிரிச்சுக்கிட்டே ஆண்டகளூர் கேட்ல இறங்கிப் போயிட்டா. அங்கிருந்து நாமக்கல் வர்ற வரைக்கும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பாதி பதிலைத்தான் சொல்லியிருக்கேன். மீதிப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, தெரியாதவங்களுக்காக ஸ்பெஷல் செக்ஷன்னா என்னன்னு சொல்லிடறேன். பிளஸ் டூ கட்-ஆஃபையும், சேர்ந்த முதல் வாரம் வைக்கிற ஒரு டெஸ்ட்டையும் கூட்டிப் பார்த்து, மேல இருக்குற அறுபது பேரைப் பொறுக்கி ஒரே வகுப்புல போடுவாங்க. பேரு மட்டும் காலேஜுக்குக் காலேஜ் மாறும். எலைட் பேட்ச், ட்ரீம் பேட்ச், ஆனர்ஸ் பேட்ச். நல்ல ஏசி லேப், அனுபவமுள்ள ஸ்டாஃப், சாயங்காலம் கோடிங், சனிக்கிழமை ஆப்டிட்யூட். வீட்டுல சொன்னா அம்மா தெரு முழுக்கச் சொல்லிடுவாங்க. எங்க அம்மாவும் சொன்னாங்க.

நான் 2022-ல சேர்ந்தவ. எங்க பேட்ச் கொஞ்சம் விசித்திரமான பேட்ச். 2020-ல பத்தாவது பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ். பிளஸ் ஒன் முழுக்க செல்போன்ல. வாழ்க்கையில நாங்க எழுதின முதல் பொதுத்தேர்வே பிளஸ் டூதான். அதுக்கு முன்னாடி அந்த ஒரு வருஷம் மட்டும் நான் நாமக்கல் பக்கத்துல ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்தேன். பேரு வேண்டாம், எல்லா ஸ்கூலும் ஏறக்குறைய ஒண்ணுதான். காலையில அஞ்சு மணிக்கு ஸ்டடி ஹால். நூறு பேர் ஒரே ஹால்ல, ஒரே புக்கு, ஒரே பக்கம். ஆனா பக்கத்துல இருக்குறவகிட்ட ஒரு வார்த்தை பேசினா வெளியில நிக்கணும். இன்னைக்கு யோசிச்சா ஒண்ணு புரியுது. கூட்டத்துக்கு நடுவுல தனியா படிக்கறது எப்படின்னு அந்த ஒரு வருஷம் எங்களுக்கு நல்லா கத்துக் கொடுத்துச்சு.

இப்படிப் பழகின அறுபது பேரைக் கொண்டுவந்து ஒரே ரூம்ல போட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அதுதான் பிரச்சினை.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் மரியாதை அதிகம்னு வெளியூர்க்காரங்க சொல்வாங்க. புதுசா பார்க்குறவங்களை, சம வயசா இருந்தாலும், 'வாங்க, சொல்லுங்க'ன்னுதான் பேசுவோம். கேட்க அழகாத்தான் இருக்கும். ஆனா ஸ்டூடண்ட்ஸ் நடுவுல அந்த 'ங்க' எப்போ உதிருதோ அப்போதான் ஃப்ரெண்ட்ஷிப் ஆரம்பிக்குது. காலேஜ் பஸ்ல எனக்கு அது மூணாவது நாளே உதிர்ந்துடுச்சு. "ஏ புள்ள, அந்த ஜன்னலைச் சாத்துடி, தலையெல்லாம் கலையுது"ன்னு யாரோ ஒருத்தி கத்தினா. அவ வேற டிபார்ட்மென்ட். இன்னைக்கும் என் க்ளோஸ் ஃப்ரெண்ட். ஸ்பெஷல் செக்ஷன்ல? ரெண்டு மாசம் கழிச்சும் "உங்க ரெக்கார்ட் நோட் கொஞ்சம் தர்றீங்களா?"தான்.

இதுல எனக்குப் பக்கத்து பெஞ்ச்ல ஒருத்தி இருந்தா. கொல்லிமலை அடிவாரத்துல ஒரு ஊர். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல வந்தவ. அந்த ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கு வந்ததே 2021-லதான், எங்களுக்கு முந்தின பேட்ச்ல. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிடும். ஒதுக்கீட்டுல வந்தவன்னு யாராவது இளக்காரமா நினைச்சா, அவ டெஸ்ட் பேப்பரைப் பார்த்திருக்கணும். மேத்ஸ்ல எங்க அறுபது பேர்ல அவதான் ஃபர்ஸ்ட்.

முதல் செமஸ்டர்ல நமக்கு 'தமிழர் மரபு'ன்னு ஒரு பேப்பர் இருக்கே, ஒரே ஒரு கிரெடிட். நாங்க எல்லாரும் அலட்சியமா விட்ட பேப்பர். எனக்கு அது அலட்சியம் இல்லை, பயம். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல ஒரு பக்கத்தை நிறுத்தாம படிக்க வராது. இங்கிலீஷ்லயே எழுதலாம்னாலும் திணை, நடுகல் இதெல்லாம் என்னன்னே புரியாம எப்படி எழுதறது? ஒருநாள் மதியம் லஞ்ச் நேரத்துல அவகிட்ட கேட்டேன். டிபன் பாக்ஸை மூடி வச்சுட்டு ஐந்திணையையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தா. குறிஞ்சிக்கு அவங்க ஊர் மலையையே காட்டிப் பேசினா. அரை மணி நேரத்துல முடிஞ்சது. எனக்கு அந்த யூனிட் இன்னைக்கும் மறக்கலை.

அதே வாரம் பைத்தான் லேப்ல அவ ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. வீட்டுல கம்ப்யூட்டர் இல்லை. இன்டென்டேஷன் எரர் வந்தா அந்த இங்கிலீஷ் வரி என்ன சொல்லுதுன்னே அவளுக்குப் புரியலை. எனக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. நான் எழுந்து போகலை. அவளும் கூப்பிடலை. என் புரோகிராம் ஓடிடுச்சு, நான் அவுட்புட் காட்டி சைன் வாங்கிட்டு வந்துட்டேன்.

ஃபர்ஸ்ட் இன்டர்னல் ரிசல்ட் வந்துச்சு. பொங்கல் லீவு விட்டாங்க. லீவு முடிஞ்சு வந்தா அவ சீட் காலி.

முதல் நாள் யாரும் கண்டுக்கலை. ஒரு வாரம் அட்டெண்டன்ஸ்ல 'ஆப்சென்ட்', 'ஆப்சென்ட்'. எட்டாவது நாள் மென்டர் மேம் வகுப்புக்கு வந்து, "யார்கிட்டயாவது அவ நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்க. க்ளாஸ் வாட்ஸ்ஆப் க்ரூப்ல இருந்துச்சுதான். ஆனா அந்த அறுபது நம்பர்ல எது அவளோடதுன்னு யாருக்கும் தெரியலை. யாரும் சேவ் பண்ணலை. நானும்தான்.

ஒரு வருஷம் கழிச்சு நாமக்கல் பஸ் ஸ்டாண்ட்ல அவளைப் பார்த்தேன். ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கிறேன்னா. சந்தோஷமாத்தான் இருந்தா. நான்தான் தயங்கித் தயங்கி, "ஏன் விட்டுட்டீங்க, ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். "படிப்பு கஷ்டமா இல்லைங்க. கேக்குறதுக்கு ஆள் இல்லைங்க"ன்னா. அவ்வளவுதான். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டா. கடைசி வரைக்கும் அந்த 'ங்க' எங்க நடுவுல இருந்து போகவே இல்லை.

அவ சொன்னது எனக்கு ரொம்ப நாள் மண்டையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. தேடிப் படிச்சப்போதான், இதே கதை ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி உலகத்தோட இன்னொரு மூலையில நடந்திருக்குன்னு தெரிஞ்சது.

1970-களில் அமெரிக்காவுல, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல யூரி ட்ரைஸ்மன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். அங்க முதலாண்டு கால்குலஸ்ல கறுப்பின மாணவர்கள் நிறைய பேர் தோத்துக்கிட்டு இருந்தாங்க. ஏன்னு கேட்டா பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவைதான்: ஆர்வம் இல்லை, அடிப்படை சரியில்லை, வீட்டுல ஊக்கம் இல்லை, வசதி இல்லை. ட்ரைஸ்மன் அதை அப்படியே நம்பலை. இருபது கறுப்பின மாணவர்கள், அதே கால்குலஸ்ல நல்லா பண்ணிக்கிட்டிருந்த இருபது சீன அமெரிக்க மாணவர்கள். இந்த ரெண்டு குழுவும் எப்படிப் படிக்கிறாங்கன்னு மாசக்கணக்குல கூடவே இருந்து பார்த்தார்.

காரணம் எதுவும் பொருந்தலை. தோத்துப்போன மாணவர்கள் பலர் அவங்கவங்க ஸ்கூல்ல டாப்பர்ஸ். உழைப்பும் குறைவு இல்லை. ஆனா தனியா உழைச்சாங்க. படிப்பு ஒரு பக்கம், ஃப்ரெண்ட்ஸ் ஒரு பக்கம். சீன அமெரிக்க மாணவர்கள் தனியா போட்டுப் பார்த்துட்டு, அப்புறம் ஒண்ணா உட்கார்ந்து விடையை ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டாங்க. 'எனக்கு மட்டும்தான் வரலையா, எல்லாருக்கும் வரலையா'ங்கிற விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அந்தத் தனியாளுக்கு அது தெரியலை. தனக்குத்தான் மூளை இல்லைன்னு நினைச்சுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் முக்கியம். 'வீக் ஸ்டூடண்ட்ஸுக்கு ஸ்பெஷல் கோச்சிங்'னு போர்டு மாட்டலை. ஆனர்ஸ் மாதிரி ஒரு வொர்க்ஷாப் நடத்தினார். சின்னச் சின்ன குழு, சாதாரண வகுப்பை விடக் கஷ்டமான கணக்கு, சேர்ந்துதான் போடணும். அதுல வந்தவங்க மார்க் நல்லா ஏறிச்சு. கவனிங்க, இங்க 'ஆனர்ஸ்'ங்கிறது பொறுக்கி எடுக்கறதுக்கான பேர் இல்லை. சேர்த்து உட்கார வைக்கறதுக்கான பேர்.

நம்ம ஸ்பெஷல் செக்ஷன்ல நடக்கறது இதுக்குத் தலைகீழ். பொறுக்கி எடுத்தாச்சு, அதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். ஒரே மாதிரி மார்க் எடுத்தவங்களை ஒண்ணா உட்கார வச்சா தானா ஒரு செட்டு ஆயிடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஆகறதில்லை. மார்க் ஒண்ணா இருந்தா போட்டிதான் வரும். ஒருத்தருக்கு இன்னொருத்தர் தேவைப்படணும், அப்போதான் செட்டு சேரும்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல ப்ரூஃப் ரெண்டாவது செமஸ்டர் இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப். அங்க மட்டும் எங்க பேட்ச்சையும் பக்கத்து செக்ஷனையும் கலந்து போட்டாங்க. எங்க அப்பாவுக்கு நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற பட்டறை. ஆனாலும் வெல்டிங் ஹோல்டரை நான் கையால தொட்டதில்லை, "போய்ப் படி"ன்னு துரத்திடுவார். பக்கத்து செக்ஷன் பொண்ணு ஒருத்தி, திருச்செங்கோடு பக்கம், வீட்டுல போர்வெல் வண்டி. "இப்படிப் பிடிடி, கண்ணை மூடாதே, கண்ணாடி வழியா பாரு"ன்னு என் கையைப் பிடிச்சு முதல் லைன் போட வச்சா. நான் அவளுக்கு வைவா கேள்விகளை இங்கிலீஷ்ல சொல்லிக் கொடுத்தேன். அன்னைக்கு சாயங்காலம் கேட் எதிர் தள்ளுவண்டியில தட்டுவடை செட் சாப்பிட்டோம். நாலு பேர், மூணு செட், காசு யார் கொடுத்தான்னு ஞாபகமில்லை. காலேஜ்ல எனக்கு 'நம்ம செட்டு'ன்னு ஒண்ணு அமைஞ்சது அன்னைக்குத்தான். அறுபது பேர் இருந்த ஸ்பெஷல் செக்ஷன்ல ஒரு செமஸ்டர்ல நடக்காதது, ஒரு வெல்டிங் பூத்ல ஒரு மதியத்துல நடந்துச்சு.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமான விஷயம். நம்ம ஊர்ல 'கம்யூனிட்டி'ன்னா முதல்ல ஞாபகத்துக்கு வர்றது சர்டிபிகேட்தானே? படிப்பு வழியா ஒரு செட்டு அமையலைன்னா அந்த இடம் காலியா இருக்காது. 'நீங்க எந்த ஊருங்க? அந்த ஊர்ல எந்தப் பக்கம்?'னு ஒரு கேள்வி வரும். கேக்குறவருக்கு ஊர் தெரிய வேண்டியதில்லை, சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்குன்னு தெரியணும். முதல் மாசத்துல தனியா தவிக்கிற பையனுக்கு, 'நம்ம ஆளுங்க'ன்னு தோள்ல கை போடுற முதல் சீனியர் கடவுள் மாதிரி தெரிவார். தப்பு அந்தப் பையன் மேல மட்டும் இல்லை. வேற யாரும் கை போடலையே. காலேஜ் ஒரு கம்யூனிட்டியைக் கட்டலைன்னா, ஃபார்ம்ல இருக்குற கம்யூனிட்டி வந்து உட்கார்ந்துக்கும்.

சரி, 'அப்போ திறமைக்கு மதிப்பே வேண்டாமா?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நானே அந்த செக்ஷனால பலன் அடைஞ்சவதான். அந்த சாயங்கால கோடிங் க்ளாஸ் இல்லைன்னா என் கையில இன்னைக்கு ஆஃபர் லெட்டர் இருந்திருக்காது. வேகமா போறவங்களுக்கு வேகமான பாதை வேணும். நான் கேக்குறது அது எப்போ, எப்படிங்கிறதை மட்டும்தான்.

'எப்போ'ங்கிறதுக்கு அண்ணா யுனிவர்சிட்டியே பதில் வச்சிருக்கு. நாங்க படிக்கிற 2021 ரெகுலேஷன்ல பி.இ. ஆனர்ஸ்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. வழக்கமான கிரெடிட்டுக்கு மேல 18 கிரெடிட் எடுக்கணும், சிஜிபிஏ 7.5-க்குக் குறையக் கூடாது, எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ் ஆகணும். ஆனா அந்தப் பேப்பர்களை அஞ்சாவது செமஸ்டர்ல இருந்துதான் எடுக்க முடியும். முதல் ரெண்டு வருஷம் எல்லாரும் ஒண்ணு. காலேஜ்ல நீ எப்படிப் படிக்கிறேன்னு பார்த்துட்டு, நீயா கேட்டா, அப்புறம்தான் ஆனர்ஸ். நம்ம ஸ்பெஷல் செக்ஷனோ ஸ்கூல் மார்க்கைப் பார்த்து, சேர்ந்த முதல் வாரமே, யாரையும் கேக்காம பிரிச்சுடுது. யுனிவர்சிட்டி ரெண்டு வருஷம் பொறுமையா இருக்கு, நம்மளால ஒரு வாரம் பொறுக்க முடியலை.

அதே ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர் பாட அட்டவணையோட முதல் வரி மேத்ஸும் இல்லை, பிசிக்ஸும் இல்லை. இண்டக்ஷன் புரோகிராம். விளையாட்டு, கலை, சுத்துப்பட்டு ஊர்களைப் போய்ப் பார்க்கறது, சீனியர்ஸோடயும் ஸ்டாஃபோடயும் உட்கார்ந்து பேசறது. எங்க ஸ்பெஷல் செக்ஷனுக்கு அதைச் சுருக்கி ஆப்டிட்யூட் க்ளாஸ் வச்சாங்க. டைம் வேஸ்ட் ஆகலைன்னு அன்னைக்கு நாங்களும் சந்தோஷப்பட்டோம். உண்மையில வேஸ்ட் ஆனது எதுன்னு பொங்கலுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

அதனால காலேஜ்கிட்ட நான் கேக்குறது மூணே மூணு.

ஒண்ணு, முதல் வருஷம் செக்ஷனைக் கலந்து போடுங்க. சாயங்கால ஸ்பெஷல் க்ளாஸ் தாராளமா இருக்கட்டும், வர விருப்பம் இருக்குற எல்லாருக்கும் கதவு திறந்திருக்கட்டும். பகல் வகுப்பு எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்.

ரெண்டு, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், மேத்ஸுக்கும் பைத்தானுக்கும், அஞ்சு அஞ்சு பேரா உட்கார்ந்து கஷ்டமான கணக்கைப் போடற ஒரு பீரியட் வைங்க. தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம், ஹாஸ்டல், டே ஸ்காலர் கலந்த குழு. பேசினா வெளியில அனுப்பாதீங்க. பேசாம இருந்தா மட்டும் ஏன்னு கேளுங்க.

மூணு, யாராவது தொடர்ந்து மூணு நாள் வரலைன்னா, நாலாவது நாள் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் போன் பண்ணணும். வார்டன் இல்லை, மென்டர் இல்லை, கூடப் படிக்கிறவங்க. இதுக்கு பட்ஜெட் ஒண்ணும் வேண்டாம்.

கடைசியா, பஸ்ல கேட்ட தங்கச்சிக்கு.

ஸ்பெஷல் செக்ஷன்ல இரு, வந்த சீட்டை விட வேண்டாம். ஆனா அந்த அறுபது பேர் தானா உன் ஆளுங்க ஆயிடுவாங்கன்னு காத்திருக்காதே. முதல் கேள்வியை நீ கேளு. தெரியலைன்னு சொல்றதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, உன் கேள்வி பக்கத்துல இருக்குற பத்துப் பேரோட கேள்வியா இருக்கும். உனக்குத் தெரிஞ்சது ஏதாவது இருந்தா எழுந்து போய்ச் சொல்லிக் கொடு, கூப்பிடட்டும்னு உட்கார்ந்திருக்காதே. நான் உட்கார்ந்திருந்தேன். லேப் பார்ட்னர் நம்பரை இன்னைக்கே பேர் போட்டு சேவ் பண்ணு. அந்த 'ங்க'வை சீக்கிரம் உதிர்த்துடு.

என் ப்ராஜெக்ட் ரிவ்யூ எல்லாம் முடியறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. தினமும் அதே பஸ், ட்ரைவர் பின்னாடி மூணாவது சீட். பைத்தான்ல எரர் வந்தா லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வா. ஆண்டகளூர் கேட் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்.